மூன்றாவது ஆள் ஏன் வேண்டும்? குவாண்டம் டிஜிட்டல் கையொப்பம், படிப்படியாக

குவாண்டம் தகவல் தொடர்பைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் க்யூகேடி (QKD, குவாண்டம் சாவிப் பகிர்வு) வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு ரகசிய பிட் வரிசையை, அதாவது சாவியை, ஒளித்துகள்களை அனுப்பி உருவாக்கிக்கொள்ளும் முறை அது. அது புரிந்ததும் அடுத்த எண்ணம் தானாக வரும்: சாவிதான் கிடைத்துவிட்டதே, அதை வைத்துச் செய்திக்குக் கையெழுத்தும் போட்டுக்கொள்ளலாமே?

முடியாது. அமுதாவிடமும் பாலுவிடமும் ஒரே சாவி இருக்கிறது என்று வையுங்கள். அந்தச் சாவியால் அமுதா ஒரு செய்திக்கு முத்திரை போட்டு அனுப்புகிறார். அது அமுதாவுடையதுதான் என்று பாலுவுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் சாவி வைத்திருக்கும் இன்னொரு ஆள் பாலுவேதான், பாலு அதைப் போடவில்லை. ஆனால் நாளைக்கு அமுதா "நான் அனுப்பவே இல்லை" என்று சொல்லிவிட்டால், பாலு மூன்றாமவரான சித்ராவிடம் போய் எதைக் காட்டுவார்? அதே முத்திரையைப் பாலுவும் போட்டிருக்க முடியும் அல்லவா? சித்ராவுக்கு இருவரில் யாரை நம்புவது என்று தெரியாது. புரோநோட்டில் கடன் வாங்கியவரின் கையெழுத்தோடு சாட்சியின் கையெழுத்தையும் வாங்கி வைப்பது இந்தச் சிக்கலுக்காகத்தான்.

ஆகவே குவாண்டம் கையொப்பம் குறைந்தது மூன்று பேர் விவகாரம். அது மூன்று விஷயங்களைத் தர வேண்டும். அமுதாவின் பெயரில் வேறொருவர் செய்தி தயாரிக்க முடியக் கூடாது. அனுப்பிய பிறகு அமுதா கைவிரிக்க முடியக் கூடாது. பாலு ஏற்றுக்கொண்ட செய்தியை அவர் சித்ராவிடம் கொடுத்தால் சித்ராவும் ஏற்றுக்கொள்ள வேண்டும். க்யூகேடி மட்டும் இருந்தால் முதலாவது ஓரளவு கிடைக்கும். மற்ற இரண்டும் கிடைக்காது.

இன்று இணையத்தில் இந்த வேலையைச் செய்வது ஆர்எஸ்ஏ (1977) போன்ற கணித முறைகள். பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்ற நம்பிக்கையில் ஆர்எஸ்ஏ நிற்கிறது. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால் அது கடினமில்லை என்று பீட்டர் ஷோர் 1994-ல் காட்டிவிட்டார். அதற்கு மாற்றாகக் குவாண்டம் கணினிக்கும் கடினமாக இருக்கும் என்று கருதப்படும் கணிதத்தில் அமைந்த கையொப்ப முறைகளை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் ஆகஸ்ட் 2024-ல் தரநிலைகளாக வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பாதுகாக்க வழி தேடி இங்கே வந்திருந்தால், உங்களுக்கு வேண்டியது அநேகமாக அந்தத் தரநிலைகள்தான். இங்கே பார்க்கப் போவது வேறு வகை. எந்தக் கணக்கு கடினம், எது எளிது என்ற ஊகமே இல்லாமல், எதிராளிக்கு எவ்வளவு கணினி வலிமை இருந்தாலும் தாங்கும் கையொப்பம்.

இதில் பல முறைகள் உண்டு. ரியான் அமிரி, பெட்ரோஸ் வால்டன், ஏட்ரியன் கென்ட், எரிகா ஆண்டர்சன் ஆகியோர் 2016-ல் வெளியிட்ட முறையை இங்கே பின்பற்றுகிறேன். சாதாரண க்யூகேடி கருவிகளே போதும் என்பதால் தொடக்கக்காரருக்கு இதுதான் வசதியானது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அமுதாவிலிருந்து பாலுவுக்கு ஒரு குவாண்டம் இணைப்பு, அமுதாவிலிருந்து சித்ராவுக்கு இன்னொன்று. இரண்டும் ஒளியிழையாக இருக்கலாம், யாரும் நடுவில் கை வைக்கலாம் என்றே வைத்துக்கொள்கிறோம். பாலுவுக்கும் சித்ராவுக்கும் இடையே முழு ரகசியமான ஒரு தடம். இதற்கு அவர்களுக்குள் வழக்கமான க்யூகேடி நடத்திச் சாவி எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், மூவருக்கும் இடையே சாதாரணத் தகவல் தடங்கள். அவற்றில் பேசுபவர் உண்மையில் அவர்தானா என்று உறுதிசெய்ய முன்கூட்டியே பகிர்ந்த ஒரு சிறு சாவி தேவை.

இந்தக் கடைசி வரியைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே குவாண்டம் இயற்பியல் நம்பிக்கையை உருவாக்கித் தராது. கொஞ்சம் அடையாள உறுதி முதலில் இருக்க வேண்டும், அதை வைத்து மேலே கட்டலாம்.

இன்னொரு நிபந்தனை: மூவரில் ஒருவர் மட்டுமே ஏமாற்றுக்காரராக இருக்கலாம். யார் என்று தெரிய வேண்டியதில்லை. ஆனால் இருவர் கூட்டுச் சேர்ந்துவிட்டால் எந்த உத்தரவாதமும் இல்லை.

படி 1: ஏறக்குறையப் பொருந்தும் வரிசைகளை உருவாக்குதல்

அமுதா ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் இரண்டு முடிவுகளைச் சீரற்ற முறையில் எடுக்கிறார். பிட் 0-வா 1-ஆ என்பது ஒன்று. அதை எந்த அமைப்பில் எழுதுவது என்பது மற்றொன்று. ஓர் அமைப்பில் துகளின் அதிர்வுத் திசை கிடையாகவோ செங்குத்தாகவோ இருக்கும், மற்றதில் இரண்டு மூலைவிட்டங்களில் ஒன்றாக இருக்கும். பாலுவும் தன் போக்கில் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து அளக்கிறார். பிறகு இருவரும் தாங்கள் எடுத்த அமைப்புகளை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, பொருந்தாத இடங்களைத் தூக்கிப்போடுகிறார்கள். சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராஸார்டும் 1984-ல் சொன்ன பிபி84 முறை இதுதான். துகளை அனுப்பும் திசை முக்கியமில்லை, தலைகீழாகவும் செய்யலாம்.

மிஞ்சியதில் ஒரு பகுதியை ஒப்பிட்டுப் பிழை விகிதத்தைக் கணிக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு பிட் மாறியிருக்கிறதா, ஐந்தா? நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் இந்த எண் ஏறும், ஏனென்றால் தெரியாத அமைப்பில் எழுதிய துகளைப் படி எடுக்கவும் முடியாது, குலைக்காமல் அளக்கவும் முடியாது.

க்யூகேடி என்றால் இதற்குப் பிறகு இரண்டு வேலைகள் உண்டு. பிழைகளைத் திருத்தி இரு வரிசைகளையும் ஒன்றாக்க வேண்டும். பின்பு ஒட்டுக்கேட்டவருக்குக் கசிந்ததைச் சுருக்கி அழிக்க வேண்டும். கையொப்பத்துக்கு இரண்டுமே வேண்டாம், இங்கேயே நிறுத்திவிடலாம். அமுதாவின் வரிசையும் பாலுவின் வரிசையும் கொஞ்சம் வேறுபட்டே இருக்கட்டும். ஒட்டுக்கேட்டவரின் ஊகம் அதைவிட அதிகமாக வேறுபட்டிருந்தால் போதும்.

எதிர்காலத்தில் அனுப்பப் போவது ஒரே ஒரு பிட் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்: 0 என்றால் வேண்டாம், 1 என்றால் சரி. அமுதாவும் பாலுவும் 0-க்கு ஒரு வரிசை, 1-க்கு ஒரு வரிசை செய்துகொள்ள வேண்டும். அமுதாவும் சித்ராவும் அப்படியே. மொத்தம் நான்கு. செய்தி எதுவோ அதற்குரிய வரிசைகளை மட்டும் பிறகு வெளியிடுவது, மற்றதைத் திறக்காமலே விடுவது என்ற இந்த யோசனை லெஸ்லி லாம்போர்ட் 1979-ல் சொன்ன ஒருமுறைக் கையொப்பத்திலிருந்து வந்தது.

படி 2: பாதியை மாற்றிக்கொள்ளுதல்

மொத்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதில் குவாண்டம் எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

பாலு தன் வரிசையிலிருந்து சரிபாதி இடங்களைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்து, அந்த இட எண்களையும் பிட்களையும் ரகசியத் தடம் வழியாகச் சித்ராவுக்கு அனுப்புகிறார். சித்ராவும் தன்னுடையதில் பாதியை அப்படியே பாலுவுக்கு அனுப்புகிறார். இப்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு அரைகள் இருக்கும்: தனக்கே வந்து தான் வைத்துக்கொண்டது ஒன்று, மற்றவரிடமிருந்து வாங்கியது ஒன்று. அனுப்பிவிட்ட பாதியைப் பின்னால் சரிபார்க்கும்போது பயன்படுத்தக் கூடாது. நினைவில் இருந்தாலும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

எதற்கு இந்தப் பரிமாற்றம்? அமுதாவிடமிருந்து இருவரையும் காப்பாற்ற. இது இல்லையென்றால் அமுதாவுக்கு ஏமாற்றுவது சுலபம். கையொப்பத்தில் பாலுவின் வரிசையைச் சரியாகவும் சித்ராவின் வரிசையைத் தப்பும் தவறுமாகவும் எழுதி அனுப்பலாம். பாலு சரிபார்த்து ஏற்றுக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுவார், பிறகு சித்ராவிடம் போனால் அவர் நிராகரிப்பார். பரிமாற்றம் முடிந்த பிறகு எந்தப் பிட் யாரிடம் இருக்கிறது என்று அமுதாவுக்குத் தெரியாது. எங்கே பிழையைத் தூவினாலும் அது இருவருக்கும் ஏறக்குறையச் சமமாகவே விழும். முதல் படியிலேயே அவர் குவாண்டம் நிலைகளை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியிருந்தாலும் இதே கதைதான்.

அந்தத் தடம் ரகசியமாக இருந்தாக வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பரிமாற்றத்தை அமுதா எட்டிப் பார்த்துவிட்டால் எல்லாம் வீண்.

படி 3: இரண்டு வரம்புகளை முடிவு செய்தல்

கையொப்பம் வரும்போது பிழையே இருக்காது என்று எதிர்பார்க்க முடியாது, வரிசைகள் ஆரம்பத்திலிருந்தே சற்று வேறுபட்டவை. ஆகவே இத்தனை சதவீதம் வரை பொறுத்துக்கொள்வோம் என்று ஒரு வரம்பு வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் ஒன்று போதும் என்று நினைப்பார்கள். உண்மையில் இரண்டு தேவை: அமுதாவிடமிருந்து நேரடியாகப் பெறுபவருக்குக் கடுமையான முதல் வரம்பு, இன்னொருவர் வழியாகப் பெறுபவருக்குச் சற்றுத் தளர்ந்த இரண்டாம் வரம்பு.

ஒரே வரம்பு இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வரம்பு 10% என்று வைப்போம். பாலுவின் மூல வரிசை அமுதாவுடையதோடு முழுவதும் பொருந்துகிறது, அமுதா கையொப்பத்தில் அந்த வரிசையில் மட்டும் சரியாக 10% பிழையைத் தூவுகிறார் என்றும் வைப்போம். வரிசையில் பாதி பாலுவிடம் இருக்கிறது, மறுபாதி சித்ராவிடம். பாலுவின் பாதியில் பிழை கொஞ்சம் குறைவாக விழுந்தால் சித்ராவின் பாதியில் அதே அளவு கூடுதலாக விழுந்தாக வேண்டும், மொத்தம் மாறாதே! அதாவது பாலு ஏற்பார், சித்ரா மறுப்பார் என்பது ஏறக்குறையக் காசு சுண்டிப் பார்ப்பது போல ஆகிவிடும். இரண்டு வரம்புகளுக்கும் நடுவே இடைவெளி விட்டால் இந்த விளையாட்டு எடுபடாது. பாலுவின் பாதி 10%-க்குக் கீழேயும் சித்ராவின் பாதி, உதாரணமாக, 19%-க்கு மேலேயும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். நீளமான வரிசையில் அது நடப்பது மிக அபூர்வம்.

நான்கு எண்கள் கீழிருந்து மேலாக வரிசையாக நிற்க வேண்டும்: நேர்மையான இணைப்பின் இயல்பான பிழை, முதல் வரம்பு, இரண்டாம் வரம்பு, கடைசியாக மோசடிக்காரரால் எவ்வளவு முயன்றாலும் குறைக்க முடியாத பிழை. 2016 கட்டுரை, கீழே உள்ளதற்கும் மேலே உள்ளதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை மூன்றாகப் பிரித்து வரம்புகளை வைக்கிறது.

எண் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் ஒற்றைத் துகள்தான் போகிறது, வரிசை மிக மிக நீளம் என்ற இலட்சிய நிலையில், இயல்பான பிழை 2% என்றால் மோசடிக்காரரின் குறைந்தபட்சப் பிழை ஏறக்குறைய 28%. நடுவில் 26% இருக்கிறது. முதல் வரம்பு 10.7%, இரண்டாவது 19.3%. அமுதா வெற்றிகரமாகக் கைவிரிக்கும் வாய்ப்புக்குக் கட்டுரை தரும் உச்சவரம்பை இப்படிக் கணக்கிடலாம்: இரு வரம்புகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, வரிசையின் நீளத்தால் பெருக்கி, நான்கால் வகுக்க வேண்டும். வந்த எண்ணை எதிர்க்குறியோடு அடுக்குக்குறிச் சார்பில் (அதாவது e என்ற மாறிலியின் அடுக்காக) போட்டு, விடையை இரண்டால் பெருக்க வேண்டும். ஆயிரம் கோடியில் ஒரு வாய்ப்புக்குக் கீழே போக வேண்டுமானால் வரிசையின் நீளம் சுமார் 12,600 பிட் ஆக வேண்டும்.

இணைப்பு சற்று மோசமாகி இயல்பான பிழை 5% ஆனால்? மோசடிக்காரரின் பிழை சுமார் 19.6%-க்கு இறங்கிவிடும். இடைவெளி சுருங்கும், நீளம் சுமார் 40,000 பிட்டுக்கு ஏறும். இயல்பான பிழை 11%-ஐத் தொட்டால் இடைவெளியே இல்லாமல் போய்விடும், அதன் பிறகு எத்தனை நீளம் எடுத்தும் பயனில்லை. உண்மைக் கருவிகள் ஒற்றைத் துகளுக்குப் பதிலாக மங்கலான லேசர் துடிப்புகளை அனுப்புகின்றன, வரிசைகளின் நீளமும் எல்லைக்குட்பட்டது. அதனால் அங்கே இடைவெளி இதைவிடக் குறுகலாகவும் நீளம் இதைவிடப் பெரிதாகவும் இருக்கும்.

படி 4: கையொப்பமிட்டு அனுப்புதல்

இது சின்ன வேலை. 1 என்ற செய்தியை அனுப்ப விரும்பினால், அமுதா அந்தப் பிட்டோடு 1-க்குரிய தன் இரண்டு வரிசைகளையும், அதாவது பாலுவோடு செய்ததையும் சித்ராவோடு செய்ததையும், முழுதாகப் பாலுவுக்கு அனுப்புகிறார். ஒளித்துகள் எதுவும் இந்தப் படியில் தேவையில்லை. முதல் மூன்று படிகள் முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும் பரவாயில்லை.

பாலு தன்னிடம் உள்ள இரண்டு அரைகளையும் தனித்தனியாக ஒப்பிடுகிறார். இரண்டிலும் பிழை முதல் வரம்புக்குக் கீழே இருந்தால் ஏற்கிறார். ஒன்றில் தாண்டினாலும் மறுக்கிறார்.

படி 5: கைமாற்றுதல்

பாலு செய்தியையும் கையொப்பத்தையும் அப்படியே சித்ராவுக்குக் கொடுக்கிறார். சித்ராவும் தன் இரண்டு அரைகளையும் தனித்தனியாகப் பார்க்கிறார், இரண்டாம் வரம்பை வைத்து.

தனித்தனியாக என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாலுவே மோசடிக்காரர் என்று வையுங்கள். அமுதா 0 அனுப்பியிருக்க, 1 என்று மாற்றிச் சித்ராவிடம் காட்டப் பார்க்கிறார். சித்ராவிடம் உள்ள ஓர் அரை பாலு தானே கொடுத்தது, அதில் அவரால் பிழையே இல்லாமல் எழுத முடியும். மற்ற அரை சித்ரா தன்னிடமே வைத்துக்கொண்டது. அது பாலுவுக்குத் தெரியாது, அமுதா–சித்ரா இணைப்பை ஒட்டுக்கேட்டு ஊகித்திருந்தால் மட்டுமே உண்டு. மேலே பார்த்த கணக்கில் அந்த ஊகத்தில் 28% பிழை. இரண்டு அரைகளையும் சேர்த்து எண்ணினால் சராசரி 14% ஆகி, 19.3% வரம்புக்குள் நழுவிவிடும்! தனித்தனியாக எண்ணினால் 28% பளிச்சென்று மாட்டிக்கொள்ளும்.

தாளிலும் கணினியிலும் செய்து பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம், மூன்று பேரும் ஒரு தாயக்கட்டையும் போதும். ஆறு பக்கம் கொண்ட கட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். அமுதாவாக இருப்பவர் 20 பிட் கொண்ட வரிசையைக் காசு சுண்டி எழுதட்டும். அதைப் பாலு நகல் எடுக்கும்போது ஒவ்வொரு பிட்டுக்கும் கட்டையை உருட்டி, 1 விழுந்தால் பிட்டைத் திருப்பி எழுதட்டும். இதுதான் இணைப்பின் பிழை, ஆறில் ஒன்று. சித்ராவுக்கும் வேறொரு வரிசை அப்படியே. பிறகு அமுதா பார்க்காமல் பாதியை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து பிட் கொண்ட ஓர் அரைக்கு முதல் வரம்பு 3 பிழை, இரண்டாம் வரம்பு 4 பிழை.

இப்போது பாலு போலி செய்து பார்க்கட்டும். சித்ராவின் பத்து பிட்களையும் குருட்டாம்போக்கில் ஊகிக்கிறார். நான்கு அல்லது அதற்குக் குறைவான பிழையோடு தப்பிக்கும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 37.7%. மூன்று முறை முயன்றால் ஒரு முறை தப்பிவிடுவார். கையொப்பம் என்றே இதைச் சொல்ல முடியாது.

இதையே பைத்தானில் சின்ன நிரலாக எழுதி அரையின் நீளத்தை 100 ஆக்குங்கள், வரம்பு 40. போலிக்கு வாய்ப்பு 3%-க்குக் கீழே இறங்கும். நீளம் 1,000, வரம்பு 400 என்றால் நூறு கோடியில் ஒன்றைவிடக் குறைவு. நிரல் எழுத இருபது முப்பது வரிகளுக்கு மேல் ஆகாது. எழுதிவிட்டால் இன்னும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பரிமாற்றப் படியை நீக்கிவிட்டு அமுதாவை ஏமாற்றவிடுங்கள். பிறகு பரிமாற்றத்தைச் சேர்த்து, இரு வரம்புகளையும் ஒரே எண்ணாக்கி மறுபடி ஏமாற்றவிடுங்கள். படி 2-ம் படி 3-ம் எதற்காக என்பது பத்துப் பக்கம் படிப்பதைவிட நன்றாக விளங்கும்.

ஒரு பிட் போதாதே

"ஆம்" என்று தமிழில் அனுப்ப வேண்டும் என்றால்? யூனிகோடில் அது ஆ, ம, புள்ளி என்று மூன்று குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 72 பிட். ஒரு பிட்டுக்கு நான்கு வரிசைகள், ஒவ்வொன்றும் 12,600 பிட் என்று பெருக்கினால் 36 லட்சம் பிட் வருகிறது, அதுவும் அந்த இலட்சியக் கணக்கிலேயே. ஒரு "ஆம்" சொல்ல இவ்வளவு!

செலவு மட்டும் பிரச்சினை இல்லை. பிட் பிட்டாகக் கையொப்பமிட்டால் செய்தியின் வாலை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கைமாற்றலாம். வெட்டிய பிறகும் ஒவ்வொரு பிட்டின் கையொப்பமும் சரியாகவே இருக்கும். "10,000 ரூபாய் கொடு" என்பதில் ஒரு பூஜ்யம் காணாமல் போனாலும் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்துக் குறியாக்க வேண்டும்.

இதற்கு நல்ல விடை சீனாவிலிருந்து வந்தது. ஹுவா-லெய் யின் குழுவினர் 2023-ல் வெளியிட்ட முறை, பிட்களை விட்டுவிட்டு முழு ஆவணத்தையும் ஒரேயடியாகக் கையாள்கிறது. பாலுவிடம் ஒரு சாவி, சித்ராவிடம் ஒரு சாவி, இரண்டையும் எக்ஸ்ஓஆர் செய்தால் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 0, மாறி இருந்தால் 1 என்று எழுதினால்) வருவது அமுதாவின் சாவி. அமுதா ஒவ்வொரு ஆவணத்துக்கும் புதிதாக ஒரு ஹாஷ் சார்பை, அதாவது நீண்ட ஆவணத்தைக் குட்டையான பிட் வரிசையாகச் சுருக்கும் கணக்கை, சீரற்றுத் தேர்ந்தெடுத்து, ஆவணத்தின் சுருக்கத்தைக் கணக்கிட்டு, அதைத் தன் சாவியால் மறைத்துப் பாலுவுக்கு அனுப்புகிறார். பாலு ஆவணத்தையும் கையொப்பத்தையும் தன் சாவியையும் சித்ராவிடம் கொடுக்கிறார். அவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் சித்ரா தன் சாவியைப் பாலுவுக்குத் தருகிறார். பிறகு இருவரும் சாவிகளைச் சேர்த்துச் சரிபார்க்கிறார்கள்.

எது முதலில், எது பிறகு என்பதைக் கவனியுங்கள். சித்ராவின் சாவி வருவதற்கு முன்பே பாலு ஆவணத்தை ஒப்படைத்தாக வேண்டும், அப்போது அவருக்கு முழுச் சாவி தெரியாது, போலி செய்ய வழியில்லை. அமுதாவும் மாட்டிக்கொள்கிறார்: பாலுவும் சித்ராவும் கடைசியில் ஒரே சாவியை வைத்து ஒரே சோதனையைச் செய்வதால், ஒருவர் ஏற்று மற்றவர் மறுக்கும் நிலையே வராது. இரண்டு வரம்பு வித்தை இங்கே தேவைப்படவில்லை. ஆவணம் நீண்டாலும் சாவி அதே விகிதத்தில் நீள வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், நடைமுறைக்கு வரக்கூடியது இந்த வகைதான். ஆனால் பழைய முறையைப் படிக்காமல் இதற்கு வந்தால் எந்த ஆபத்தைத் தடுக்க எந்தப் படி என்பது பிடிபடாது.

மூவருக்கு மேல்

நான்கு, ஐந்து பேர் என்று போனால் பரிமாற்றத்தைப் பாதிப் பாதியாகச் செய்ய முடியாது. பெறுபவர் ஒவ்வொருவரும் தன் வரிசையைத் துண்டுகளாக்கி மற்ற எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அதற்கு எல்லாருக்குள்ளும் ரகசியத் தடம் வேண்டும். பெறுபவர்கள் பத்துப் பேர் என்றால் 45 இணைகள்.

வரம்புகளும் பெருகும். ஒரு செய்தி பாலுவிடமிருந்து சித்ராவுக்கும், அவரிடமிருந்து தாமஸுக்கும் போகிறது என்றால் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் வரம்பு ஒரு படி தளர வேண்டும். இடைவெளியைக் கூறுபோட்டுக்கொண்டே போக முடியாது என்பதால், எத்தனை முறை கைமாறலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தகராறு வந்தால்? ஹுவான் மிகேல் அரசோலா, வால்டன், ஆண்டர்சன் மூவரும் பலர் பங்கேற்கும் கையொப்பங்களுக்கான பொது வரையறையை எழுதியபோது, தீர்ப்புக்குப் பெரும்பான்மை வாக்கெடுப்பை ஒரு வழியாக வைத்தார்கள். நேர்மையானவர்கள் பாதிக்கு மேல் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஊர்ப் பஞ்சாயத்தில் முடிகிறதே என்று சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். நடைமுறையில் மிரட்டலுக்குத்தான் அது பயன்படும்: தகராறுக்குப் போனால் தோற்போம் என்று தெரிந்தவர் அங்கே போக மாட்டார்.

இதுவரை எங்கே வந்திருக்கிறது

முதல் யோசனை டேனியல் காட்ஸ்மனும் ஐசக் சுவாங்கும் 2001-ல் எழுதியது. அவர்கள் திட்டத்தில் பெறுபவர்கள் குவாண்டம் நிலைகளையே சாவியாக வாங்கி, கையொப்பம் வரும் நாள்வரை அழியாமல் வைத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தாங்கும் குவாண்டம் நினைவகம் இல்லை. எடின்பரோவின் ஹேரியட்-வாட் பல்கலைக்கழகத்தினர் பங்கெடுத்த முதல் செயல்விளக்கம் 2012-ல் வெளியானது. நினைவகமே தேவையில்லாத முறை 2014-ல் வந்தது: நிலைகளை வந்தவுடன் அளந்து, கிடைத்த சாதாரண பிட்களைச் சேமித்தால் போதும். இந்தத் துறையின் உண்மையான திருப்பம் அதுதான் என்பேன். அதன் பிறகு தூரம் வேகமாக ஏறியது: 2016-ல் தரையில் ஏற்கெனவே பதித்திருந்த 90 கிலோமீட்டர் ஒளியிழையில் ஒரு சோதனை, 2017-ல் 102 கிலோமீட்டரில் இன்னொன்று.

இந்தியாவில் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி அமைப்பான சி-டாட் நிறுவனத்தோடு சேர்ந்து அமைகிறது. க்யூகேடி இணைப்புகள் எங்கே வந்தாலும் அதே கருவிகளில் கையொப்பத்தையும் ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால் மாணவர்கள் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

யாராவது விற்க வந்தால் கேட்க வேண்டியவை

"குவாண்டம் கையொப்பம்" என்ற பெயரில் பலவும் உலவுகின்றன. குவாண்டம் கணினியைத் தாங்கும் சாதாரணக் கணித முறையையும் அப்படி அழைக்கிறார்கள், வெறும் குவாண்டம் சீரற்ற எண் கருவியைச் சேர்த்ததையும் அழைக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது: பெறுபவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமா? இங்கே பார்த்த வகை என்றால் தெரிய வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று சொன்னால் அது வேறு வகை.

பெறுபவர்களுக்கிடையே ரகசியப் பரிமாற்றம் எந்தக் கட்டத்தில் நடக்கிறது, கையொப்பமிடுபவர் அதைப் பார்க்க முடியாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? எத்தனை பேர் கூட்டுச் சேர்ந்தால் உடையும்? ஒரு கையொப்பத்துக்கு எவ்வளவு சாவி செலவாகிறது, இணைப்பு ஒரு நொடிக்கு எவ்வளவு தருகிறது? ஒருமுறை பயன்படுத்திய வரிசையை மறுபடி பயன்படுத்துகிறார்களா? "ஆமாம், சிக்கனத்துக்காக" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சாதாரணத் தடங்களில் அடையாளத்தை எப்படி உறுதிசெய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். குவாண்டம் சாவிப் பகிர்வு அனுப்புபவரின் அடையாளத்தைத் தானாக உறுதிசெய்வதில்லை என்பது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ அதன்மீது வைக்கும் முக்கியமான குறைகளில் ஒன்று. அந்தக் குறை கையொப்பத்துக்கும் அப்படியே பொருந்தும்.